மெந்தகாப்பிலிருந்து தாமான் நெகாரா: ஒரு வேன் ஆட்களோடு காட்டு விலங்கு பார்க்கப் போக முழு வழிகாட்டி

எங்கள் ஊர் மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள மெந்தகாப். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் (ரப்பர்) காடு, இப்போது பெரும்பாலும் செம்பனை. இங்கிருந்து வேனில் இரண்டரை மணி நேரம் போனால் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் வாசல் வந்துவிடும். 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரெங்கானு என மூன்று மாநிலங்களில் பரவிய காடு. ஆனாலும் எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கே போனதே இல்லை. போனவர்களைக் கேட்டால், "ஒன்னுமே பார்க்கல, அட்டைதான் கடிச்சுது" என்பார்கள்.

நானும் முதல் இரண்டு தடவை ஒன்றும் பார்க்காமல்தான் வந்தேன். மூன்றாவது தடவை போனபோது அதே காடு, அதே ஜூன் மாதம். ஆனால் தெனுக் என்ற காட்டு விலங்கு (தபீர்) ஒன்று எங்கள் கண்ணெதிரே நாற்பது நிமிடம் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. மாறியிருந்தது கூட வந்தவர்கள் மட்டும்தான். அதனால் இந்த வழிகாட்டியை, என்ன எடுத்துப் போவது என்பதிலிருந்து தொடங்காமல், யாரோடு போவது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: ஆள் சேர்ப்பது

எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை, பத்து வரை தாங்கும். அதற்கு மேல் போனால் வேன் இரண்டு, படகு இரண்டு, சாப்பாட்டுக்குக் காத்திருப்பது இரண்டு மடங்கு. காட்டுக்குள் நடக்கும்போது முன்னால் போகிறவர் பார்த்த விலங்கைப் பன்னிரண்டாவது ஆள் பார்ப்பதற்குள் அது மலை தாண்டியிருக்கும்.

ஆள் சேர்க்கும்போது நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார முடியுமா? இருட்டில் பயம் உண்டா? நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய உடம்பா? மூன்றாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத குடும்பம் குறைவு. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா ஊசி போட்டுக்கொள்கிறவர். அவர் வருவதற்குத் தடையே இல்லை. ஆனால் அவருடைய சாப்பாட்டு நேரத்தை வைத்துத்தான் நடையைத் திட்டமிட வேண்டும், அவர் பையில் மட்டுமில்லாமல் இன்னொருவர் பையிலும் பிஸ்கட்டும் மிட்டாயும் இருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். என் அனுபவத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே என்றால் பகல் நடைக்கும் இரவுச் சவாரிக்கும் கூட்டிப் போங்கள், இரவெல்லாம் தங்கும் பும்புன் என்ற மறைவுக் குடிலுக்கு வேண்டாம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர் ஒருவரையாவது கூட்டிப் போங்கள். நான் மனதாரச் சொல்கிறேன், விடியற்காலை நான்கரைக்கு எழுந்து நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனவர்களுக்கு இருக்கும் கண்ணும் காதும் நமக்குக் கிடையாது. எங்களோடு வந்த தாத்தா ஒருவர், வழிகாட்டி சொல்லும் முன்பே, "இங்க பன்றி கிளறியிருக்கு, ஈரம் காயல, ராத்திரி வந்திருக்கு" என்றார். வழிகாட்டி குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றார். மூட்டு வலி உள்ளவர் என்றால் மலை ஏறும் பகுதியை மட்டும் விட்டுவிடலாம்.

ஆட்கள் முடிவானதும் ஒருவரைத் தலைவராக வையுங்கள். நடக்கும்போது முன்னால் வழிகாட்டி, கடைசியில் நிதானமான ஓர் ஆள். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். காட்டில் போய் முடிவு செய்தால் மனத்தாங்கல்தான் வரும்.

இரண்டாம் படி: மாதம் பார்ப்பது

மார்ச் முதல் செப்டம்பர் வரை போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு ஏறும், பாதைகள் மூடப்படும். 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில், பூங்கா வாசலில் இருக்கும் குவாலா தஹானில் சுற்றுப்பயணிகள் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். ஆண்டுக் கடைசி பள்ளி விடுமுறையில் போகலாம் என்று நம் ஆட்கள் ஆசைப்படுவது வழக்கம், ஆனால் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

புரட்டாசியில் போவதென்றால், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, பாதிப் பேர் சைவமாக இருப்பார்கள். ஆற்றில் மிதக்கும் உணவுக் கடைகளில் சைவம் கேட்டால் செய்து தருவார்கள், ஆனால் பெலாச்சானும் நெத்திலியும் போடாமல் என்று தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாளே சொல்லிவையுங்கள்.

நிலவையும் பாருங்கள். பும்புனில் தங்க நிலவு இருக்கும் நாள் நல்லது, டார்ச் போடாமலே அசைவு தெரியும். அதனால் பௌர்ணமிக்கு நான்கைந்து நாள் முன்னோ பின்னோ நான் தேதி குறிப்பேன்.

மூன்றாம் படி: குவாலா கண்டாவில் ஒரு நாள்

பெரிய பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அதே ஆட்களோடு லஞ்சாங் பக்கம் உள்ள குவாலா கண்டா யானைப் பாதுகாப்பு மையத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். மெந்தகாப்பிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். யாருக்குப் பொறுமை இருக்கிறது, யார் நடக்க முடியாமல் நடக்கிறார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இந்த மையம் 1989இல் தொடங்கியது. தோட்டங்களுக்குள் வந்த யானைகளைப் பிடித்துப் பெரிய காட்டில் விடும் வேலையை வனவிலங்குத் துறை 1974 முதலே செய்துவருகிறது. யானை ஏன் தோட்டத்துக்கு வந்தது என்பது நமக்குத் தெரியாத கதை இல்லை. காட்டை வெட்டித் தோட்டம் போட்டோம், அது நடந்த பாதையில் இப்போது செம்பனைக் கன்று நிற்கிறது. இளங்கன்றின் குருத்து யானைக்குக் கரும்பு மாதிரி. ஒரே ராத்திரியில் வரிசை வரிசையாகப் பிடுங்கிப்போட்டிருக்கும். அகழி வெட்டியதையும் மின்வேலி போட்டதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள். காட்டுக்குள் யானைச் சாணத்தைப் பார்க்கும்போது அவர்கள் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள், எந்தப் பக்கம் போனது என்று கேட்பார்கள்.

நான்காம் படி: முன்பதிவும் காசும்

இரண்டு இரவு, மூன்று நாள் என்பது குறைந்த அளவு. ஒரு இரவு மட்டும் என்றால் போக வேண்டாம் என்பேன்.

முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியவை: தங்குமிடம், உரிமம் உள்ள வழிகாட்டி, பும்புன் இடம், இரவுச் சவாரி. பும்புனை வனவிலங்குத் துறையின் பூங்கா அலுவலகத்தில் கேட்க வேண்டும். எந்தப் பும்புன் திறந்திருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், பழுதுபார்க்க மூடிவிடுவார்கள். அதனால் போன வருடம் போன மாமா சொன்னதை நம்பாமல் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இரவுச் சவாரிக்கு ஏற்பாடு செய்கிறவரிடம் நான் எப்போதும் மூன்று கேள்வி கேட்பேன். ஒரு வண்டியில் எத்தனை பேர்? எவ்வளவு நேரம்? விளக்கு அடித்துத் தேடுகிறவர் தனியாக உண்டா, ஓட்டுநரே தேடுவாரா? இதைக் கேட்காமல் போன முதல் தடவை, ஒரே பிக்கப்பின் பின்பக்கத்தில் எங்களைப் பன்னிரண்டு பேராக அடைத்து, நாற்பது நிமிடத்தில் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் அத்தைக்கு முன்னால் இருந்தவர்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. காசு போனதைவிட அவர் ஒன்றும் பேசாமல் அறைக்குப் போனதுதான் எனக்கு வலித்தது.

காசை எல்லாரிடமும் ஒரே தொகையாக முன்பே வாங்கி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வேன், தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி என்று நான்கு உறை. ஐந்தாவதாக ஒரு சின்ன உறை, அவசரத்துக்கு. ரொக்கமும் பெட்ரோலும் வழியில் வரும் ஜெராண்டுட் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் காட்டோர ஊர்தான். பூங்கா நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு, கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு. நாங்கள் போனபோது ஆளுக்கு ஒரு வெள்ளி, கேமராவுக்கு ஐந்து வெள்ளி. அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள், உள்ளே கேட்பார்கள்.

ஐந்தாம் படி: பை கட்டுவது

உடை விஷயத்தில் மங்கிய பச்சை, காப்பி நிறம், சாம்பல் நிறம் போதும். வெள்ளையும் பளிச் மஞ்சளும் வேண்டாம். கூட்டத்துக்கு ஒரே மாதிரி ஆரஞ்சு டிஷர்ட் அச்சடிக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அதை வேனில் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம், காட்டில் கழற்றிவிட வேண்டும். வாசனைத் திரவியம், நெற்றியில் ஜவ்வாது, தலையில் மல்லிகை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். விலங்குக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது.

பைனாகுலர் இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால் போதும். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் இருப்பதால் காட்டின் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். பெரிய எண் நல்லது என்று 20 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் இருபது மடங்கு பெரிதாகும்.

டார்ச் ஆளுக்கு ஒன்று. கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிவிடுங்கள், மிட்டாய் சுற்றிய சிவப்புக் கண்ணாடித் தாளே போதும். சிவப்பு வெளிச்சம் விலங்குகளை அவ்வளவாகக் கலைக்காது, நம் கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

அட்டைக்கு முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை. ஜெராண்டுட்டிலும் குவாலா தஹானிலும் கிடைக்கும். என் அம்மா பால் வெட்டப் போகும்போது காலில் சவர்க்காரத்தைக் காயவைத்துப் பூசிக்கொண்டு போவார். புகையிலை ஊறவைத்த தண்ணீர் தெளிப்பவர்களும் இருந்தார்கள். இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஆற்றைக் கடந்ததும் போய்விடும். அட்டை கடித்துவிட்டால் இழுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் சரித்தால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் கசிந்துகொண்டே இருக்கும். கழுவி, அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் போட்டால் சரியாகிவிடும். ரத்தம் மெலிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள்.

அப்புறம் மழைச்சட்டை, கைபேசிக்குத் தண்ணீர் புகாத பை, மாற்றுக் காலுறை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

ஆறாம் படி: போகும் வழி

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். மெந்தகாப், தெமெர்லோ, ஜெராண்டுட், அங்கே பசியாறல். ரொட்டி சானாய் சாப்பிட்டு, தண்ணீர் வாங்கி, கழிப்பறை போய்விட்டு, குவாலா தஹானுக்குச் சாலை வழியாக இன்னும் அறுபது எழுபது கிலோமீட்டர்.

நேரமும் காசும் இருந்தால், குவாலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து ஆற்று வழியாகப் போகலாம். மூன்று மணி நேரம் வரை ஆகும். சேவை நடக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கரையில் எருமை படுத்திருக்கும், மீன்கொத்தி குறுக்கே பாயும், உடும்பு கட்டையில் வெயில் காயும். உயிர்காப்புச் சட்டையைப் படகோட்டி கேட்கும் முன்பே எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்தவர்களும்தான்.

குவாலா தஹான் ஊர் ஒரு கரை, பூங்கா மறுகரை. சின்னப் படகில் ஒரு நிமிடத்தில் கடக்கலாம்.

ஏழாம் படி: பகல் நடையில் காட்டைப் படிப்பது

முதல் நாள் மதியம் ஓய்வெடுங்கள். இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு முன் பாதையில் இருக்க வேண்டும். விடியும் நேரத்தில் கிப்பன் குரங்குகள் கூவும். உங்காவின் குரல் நீண்டு ஏறும், சியாமாங்கின் குரல் அடித்தொண்டையிலிருந்து முழங்கும். பத்து மணிக்கு மேல் காடு அடங்கிவிடும். பசியாறிவிட்டுப் போகலாம் என்று ஒன்பது மணிக்குக் கிளம்பும் கூட்டங்கள் மரத்தைப் பார்த்துவிட்டு வருகின்றன.

புக்கிட் தெரெசெக் ஏற்றம் 300 மீட்டருக்குச் சற்று மேல், ஏற முடிந்தவர்கள் ஏறட்டும். மற்றவர்கள் கீழே பலகைப் பாதையில் மெதுவாக நடக்கலாம். மரக்கிளைப் பாலம் திறந்திருந்தால் போங்கள், ஆனால் அது உயரத்துக்காகத்தான், விலங்குக்காக இல்லை.

நடக்கும் முறையைச் சொல்கிறேன். இருபது அடி நடங்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள். நிற்கும்போது யாரும் பேசக் கூடாது. கையால் மட்டும் சைகை. நாங்கள் நான்கு சைகை வைத்திருக்கிறோம்: கை விரித்தால் நில், காதைத் தொட்டால் கேள், விரல் மேலே காட்டினால் மரத்தில், உள்ளங்கை கீழே காட்டினால் தரையில். இதை வேனிலேயே பழகிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி பிடித்துப்போகும்.

விலங்கைப் பார்ப்பதற்கு முன் அதன் தடத்தைப் பார்க்கப் பழகுங்கள். சேற்றில் முன்காலில் நான்கு விரலும் பின்காலில் மூன்று விரலும் இருந்தால் அது தெனுக். இரண்டாகப் பிளந்த பெரிய குளம்பு என்றால் ரூசா மான். அதைவிடப் பெரிதாக, கனத்துப் பதிந்திருந்தால் செலாடாங் என்ற காட்டெருமையாக இருக்கலாம். மண் கிளறிக் கிடந்தால் பன்றி. மரத்தில் மேலே வரை நகக்கீறல் ஏறிப்போயிருந்தால் கரடி தேனுக்கு ஏறியிருக்கிறது.

தலைக்கு மேலே நீராவி ரயில் போவது போல உஸ் உஸ் என்று சத்தம் கேட்டால் இருவாச்சிப் பறவையின் இறக்கை. அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் பழுத்த அத்தி மரம் கிடைக்கும். பழுத்த அத்தி மரம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வேறு எங்கும் போகாதீர்கள். அதன் அடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் குரங்கும் அணிலும் பறவையும் வந்துகொண்டே இருக்கும். எங்கள் கூட்டம் அப்படி உட்கார்ந்த அன்றைக்குத்தான், அதுவரை சலித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன் பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க மறுத்தான்.

புலியைப் பற்றி பிள்ளைகள் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில், நாட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவு என்று தெரியவந்தது. தோட்டத்துத் தாத்தாக்கள் புலியைப் பார்த்த கதை சொல்கிறார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதை மட்டும்தான் மிச்சம். 2019இல் மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் சபாவில் இறந்தது. புலிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. வழிகாட்டி புலித் தடம் காட்டினால், இடத்தையும் நேரத்தையும் போட்டுப் படத்தை முகநூலில் ஏற்றாதீர்கள். கண்ணி வைக்கிறவர்களும் கைபேசி பார்க்கிறார்கள்.

எட்டாம் படி: பும்புனில் ஓர் இரவு

பயணத்தின் உயிரே இதுதான். பும்புன் என்பது உயரமாகக் கட்டிய மறைவுக் குடில். நீளமான ஜன்னல் வழியாகக் கீழே ஒரு வெட்டவெளி தெரியும். அந்த வெளியில் ஜெனுட், அதாவது உப்பு மண் உண்டு. இலை தழை தின்னும் விலங்குகளுக்கு உடம்பில் உப்புச் சத்து குறையும், அதை ஈடுகட்ட இங்கே வந்து மண்ணை நக்கும், ஊறிய தண்ணீரைக் குடிக்கும். நாம் தேடி அலைய வேண்டியதில்லை, அது வரும் இடத்தில் நாம் இருந்தால் போதும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பும்புன் தஹான் ஒரு மாலை நேரப் பழக்கத்துக்கு உதவும். இரவு தங்க, நடக்கத் தெம்பு இருந்தால் பும்புன் கும்பாங் கேளுங்கள். படகில் தெம்பெலிங் ஆற்றில் மேலே குவாலா திரெங்கான் வரை போய், அங்கிருந்து முக்கால் மணி நேரம் நடை. பெயரைக் கேட்டுக் கடற்கரையில் இருக்கும் கோல திரெங்கானு என்று நினைத்துவிடாதீர்கள், இது பூங்காவுக்குள் ஆறு கூடும் இடம். கும்பாங் தள்ளி இருப்பதால் ஆள் நடமாட்டம் குறைவு. கட்டில் உண்டு, மெத்தையையும் மின்சாரத்தையும் எதிர்பார்க்காதீர்கள். போர்வையும் விரிப்பும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

மாலை நான்கு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். போனதும் சாப்பிட்டு முடியுங்கள். புளிச்சோறு, பொடி தடவிய இட்லி இரண்டும் நாள் முழுக்கக் கெடாது, மணமும் அதிகம் வராது. நெத்திலிச் சம்பல், கருவாடு, மீன் டின் வேண்டாம். மிச்சத்தை இறுக்கிக் கட்டி, கயிற்றில் தொங்கவிடுங்கள், ஏனென்றால் பும்புனில் எலி உண்டு. பையைத் திறந்துபோட்டு வைத்தால் காலையில் ஓட்டை இருக்கும்.

ஆறு மணிக்கு எல்லாரும் கைபேசியை அணைத்துவிட வேண்டும். அமைதியாக வைத்தால் போதும் என்பார்கள், போதாது. திரையின் வெளிச்சம் ஜன்னலில் அடித்தால் காட்டுக்கு அது ஒரு விளக்குக் கம்பம்.

இரவு முழுக்க எல்லாரும் விழித்திருக்க முயன்றால் பதினோரு மணிக்கே எல்லாரும் தூங்கிவிடுவார்கள். இரண்டிரண்டு பேராக, இரண்டு மணி நேர முறை வையுங்கள். எட்டு முதல் பத்து, பத்து முதல் பன்னிரண்டு என்று காலை ஆறு வரை ஐந்து முறை. சத்தமாகக் குறட்டை விடுகிறவர்கள் ஜன்னலிலிருந்து தூரத்துக் கட்டிலில் படுக்கட்டும். இதை முன்பே அன்பாகப் பேசிக்கொண்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது. காவல் இருக்கிறவர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிவப்பு டார்ச்சை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டுங்கள். இரண்டு கண் மின்னினால் டார்ச்சை அதன்மேலேயே நிறுத்தாமல், சற்று ஓரமாக வையுங்கள். அப்புறம் தூங்குகிறவர்களைத் தோளில் தொட்டு எழுப்புங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

எங்களுக்கு அது நடந்தது இரவு ஒன்றரை மணிக்கு. என்னோடு காவல் இருந்தவர் தோட்டத்தில் தண்டலாக இருந்த பெரியப்பா. முதலில் அவர்தான் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணியில கால் வைக்குது" என்று காதோரம் சொன்னார். நான் விளக்கை ஓட்டியபோது இருட்டில் ஒரு வெள்ளைத் துணி மிதப்பது போல இருந்தது. தெனுக்கின் நடு உடம்பு வெள்ளை, முன்னும் பின்னும் கறுப்பு, அதனால் இரவில் அதற்கு உருவமே தெரியாது. ஒவ்வொருவராக எழுப்பினோம். எட்டுப் பேரும் அந்த நீள ஜன்னலில் தோளோடு தோள் சேர்த்து நின்றோம். அது சின்னத் தும்பிக்கை மாதிரி இருக்கும் மூக்கை மடக்கி மடக்கித் தண்ணீரை மோந்தது. நாற்பது நிமிடம் ஒருவர்கூட இருமவில்லை. போன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வராமலும் போகலாம். ஒன்றும் வராத இரவுகளும் எனக்கு உண்டு. அப்போதும் ஆந்தையும் பூச்சியும் தவளையும் மாறி மாறிப் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குக் குறை இல்லை.

ஒன்பதாம் படி: செம்பனைக்குள் இரவுச் சவாரி

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். குவாலா தஹானின் இரவுச் சவாரி பூங்காவுக்குள் போவதில்லை, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள்தான் போகிறது. "நம்ம தோட்டத்துல பார்க்காததையா இங்க பார்க்கப் போறோம்" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் வண்டியில் ஏறவே மாட்டேன் என்றார். ஏறி வந்தவர், இறங்கும்போது தான் பிறந்த தோட்டத்துக்கும் ஓர் இரவு விளக்கோடு போக வேண்டும் என்றார்.

செம்பனைப் பழம் விழுந்த இடத்தில் எலி உண்டு, எலி உண்டான இடத்தில் அதைத் தின்னும் விலங்கு உண்டு. சிறுத்தைப் பூனை வரும். வீட்டுப் பூனை அளவுதான், ஆனால் உடம்பெல்லாம் புள்ளி. முசாங் என்ற மரநாய் மட்டையில் நடந்து போகும். எலியைப் பிடிக்கவே தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து வளர்க்கும் ஆந்தையை நீங்கள் பகலில் பார்த்திருப்பீர்கள், இரவில் அது வேட்டையாடுவதைப் பாருங்கள். மலைப்பாம்பும் உண்டு, பன்றியும் உண்டு.

வண்டியில் உட்காரும்போது உயரமானவர்கள் பின்னால், மூத்தவர்களும் பிள்ளைகளும் ஓரத்தில். விளக்கு அடிக்கிறவர் பார்க்கும் திசையிலேயே எல்லாரும் பார்க்காதீர்கள், ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள். தரையில் பச்சைப் பொட்டுகளாக மினுங்குபவை சிலந்திக் கண்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் ஜோடியாக மின்னி, ஒரு கணம் அணைந்து, மறுபடி மின்னினால் விலங்கு திரும்பிப் பார்க்கிறது. வண்டி நின்றால் யாரும் இறங்க வேண்டாம். யானை எதிர்ப்பட்டால் ஹாரனும் கூச்சலும் கூடாது. கேமராவின் மின்னல் விளக்கை அணைத்துவையுங்கள்.

பாத்தேக் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புக்கும் வழிகாட்டிகள் கூட்டிப்போவார்கள். ஊதுகுழல் எய்வதையும் மரக்குச்சியைக் கடைந்து நெருப்பு மூட்டுவதையும் காட்டுவார்கள். அது அவர்கள் வீடு. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள். லயத்து வீடுகளை வெளியாட்கள் எட்டிப் பார்த்தபோது நம் பாட்டிமார் முகத்தைத் திருப்பிக்கொண்டது நமக்கு நினைவிருக்க வேண்டும்.

பத்தாம் படி: திரும்பி வருவது

கிளம்பும் முன் ஒருவர் முதுகையும் காதுப் பின்புறத்தையும் இன்னொருவர் பார்த்துவிடுங்கள், அட்டை ஒளிந்திருக்கும். குப்பை முழுவதும் வேனில் ஏற வேண்டும். தங்குமிடத்தில் சோறு கேட்டு வரும் குரங்குகளுக்கு எதுவும் போட வேண்டாம், அடுத்து வரும் கூட்டத்தின் கையிலிருந்து அது பிடுங்கும்.

ஆற்றில் குளித்தவர்களுக்கு, குறிப்பாகக் காலில் புண்ணோடு இறங்கியவர்களுக்கு, ஒரு மாதத்துக்குள் கடுங்காய்ச்சலும் தசைவலியும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். காட்டு ஆற்றில் குளித்தேன் என்று மருத்துவரிடம் அவர்களே சொல்ல வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலை, சொன்னால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

வேனில் ஜெராண்டுட் வருவதற்குள் ஒரு நோட்டை ஒவ்வொருவர் கையிலும் சுற்றவிடுங்கள். என்ன பார்த்தேன், எங்கே, எத்தனை மணிக்கு, யார் முதலில் பார்த்தார் என்று அவரவர் எழுதட்டும். எழுத வராத பாட்டிக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும். எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது: குரங்கு, அட்டை. மூன்றாவது நோட்டில், இரவு 1.30, தெனுக், பும்புன் கும்பாங், முதலில் கேட்டவர் பெரியப்பா.